ஆற்றுக்குப் போகாத மாலை

ராமாத்தாள் அன்றைக்குக் கோயிலுக்கு வந்தது கும்பிடத்தான். ஆனால் அவள் கும்பிட்டதை ஒருவரும் பார்க்கவில்லை. பூசாரியைத் திட்டியதைத்தான் ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"பூசாரியண்ணே, இது என்ன?"

தங்கையா பூசாரி ஒரு கோணிப்பையின் வாயைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். ஆடித் திருவிழா முடிந்து, மாரியம்மன் கழுத்திலிருந்து கழற்றிய மாலைகளெல்லாம் அதற்குள் இருந்தன. ஊரார் போட்ட மல்லிகையும் செம்பருத்தியும் கறுத்துச் சுருண்டு கிடந்தன. ராமாத்தாள் போட்ட வாடாமல்லி மாலை மட்டும் கட்டிய அன்றைக்கு இருந்த அதே ஊதா நிறத்தில் பையின் வாயோரம் எட்டிப் பார்த்தது.

"மாலைதான், ராமாத்தா. வேறென்ன?"

"மாலைன்னு எனக்கும் தெரியுது. கோணிக்குள்ள என்ன பண்ணுது? சாமி கழுத்துல கெடந்ததை ஆத்துல விடணுமா, இல்ல அரிசி மூட்டையாட்டம் கட்டி வைக்கணுமா?"

"ஆத்துப் பக்கம் போகக் கூடாதுன்னு பட்டாளத்துக்காரன் பலகை நட்டுட்டான். மீறிப் போனா கேள்வி கேக்க மாட்டான், சுட்டுட்டுத்தான் கேப்பான். இப்ப நீயே சொல்லு, என் தலை முக்கியமா, உன் மாலை முக்கியமா?"

"மாலைதான்!"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். பூசாரிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் ராமாத்தாளின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். அவர் ஏணியில் ஏறி, அம்மனுக்கு நேர் முன்னால், தூங்காவிளக்குக்கு மேலே இருந்த உத்தரத்தில் அந்த மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்.

"இங்க யார் காலும் படாது. வழி திறந்ததும் நானே கொண்டுபோய் விட்டுர்றேன். போதுமா?"

"நல்லா தொங்கவிட்டீங்க, வௌவாலாட்டம். நடக்கச் சோம்பல், அதுக்குப் பட்டாளத்துக்காரன் மேல பழி. சோம்பேறிப் பூசாரி கையால இனிமே எனக்குத் திருநீறும் வேண்டாம்."

சொன்னபடியே செய்தாள். அதற்குப் பிறகு கோயிலுக்கு வந்தால் தட்டிலிருந்து தானே திருநீற்றைக் கிள்ளிப் பூசிக்கொண்டு போவாள். பூசாரி நிற்கிற பக்கம் தூண் ஒன்று நிற்பதாக நினைத்துக்கொள்வாள். அவள் வாய் அப்படி. காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில், வேலை ஏவுகிற தண்டலே அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்.

ஆனால் அந்தக் கோபம் வெறும் வாய்க்கொழுப்பு இல்லை. அந்த மாலையில் அவள் புருஷன் இருந்தான்.

காளிதாஸ் தோட்டத்து லாரியில் கிளீனர். மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருஷம் அது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது தோட்டத்துச் சனம். மாசி மாதத்தில் ஒருநாள், மலாக்காவிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு வந்த லாரியைச் செங் என்ற ஊரைத் தாண்டியதும் காட்டுக்காரர்கள் மறித்து, இரண்டு மூட்டையை இறக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் இறக்கினார்களா, நீயே இறக்கிக் கொடுத்தாயா என்று போலீஸ் கேட்டது. டிரைவருக்கு மண்டையில் அடி, ரத்தக் காயம், அவர் தப்பித்தார். காளிதாஸ் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கீறல் இல்லாததே குற்றமாகிப் போயிற்று. அவனைக் கொண்டுபோய்த் தடுப்பு முகாமில் வைத்துவிட்டார்கள்.

ராமாத்தாளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? ஆபீஸ் கிராணியைக் கேட்டால் தொரையைக் கேள் என்றார். தொரை போலீசைக் கேள் என்றார். போலீஸ் வீட்டுக்குப் போ என்றது. கடைசியில் அவள் கேட்டது மாரியம்மனைத்தான். லயத்து வீட்டு வாசலில் அவள் வளர்த்த வாடாமல்லிச் செடிகளில், நன்றாக முற்றிய பெரிய பூக்களாகப் பறித்து, நெருக்கமாக ஒரு மாலை கட்டி, ஆடித் திருவிழாவில் கொண்டுபோய்ப் போட்டாள். போட்டுவிட்டு வாய்விட்டே சொன்னாள்.

"ஆத்தா, இந்த மாலை கேக்குறதுக்கு. அவரைக் கொண்டாந்து வீட்டுல சேத்துடு. அடுத்த ஆடிக்கு, இதே செடியோட வித்தை எடுத்து வச்சு, என் கையால போட்டு, கழுத்துலேருந்து பாதம் வரைக்கும் உனக்கு மாலை கட்டுறேன். அது குடுத்ததுக்கு."

அப்படிப்பட்ட மாலையைக் கோணிப்பையில் திணித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

நேர்ந்துகொண்ட மறுநாளே விதைக்கான வேலையைத் தொடங்கிவிட்டாள். இருந்த செடிகளில் தண்டு தடித்து, பூ உருண்டு திரண்ட நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினாள். அந்தப் பூக்களை யாரும் தொடக் கூடாது, மகள் சுசீலாகூட. பூவின் அடிவரிசை வைக்கோல் நிறத்துக்கு மாறி, காம்பு பழுப்பாகிக் காயும் வரைக்கும் செடியிலேயே விட்டாள். பிறகு கிள்ளியெடுத்து, முறத்தில் பரப்பி, நிழலில் உலர்த்தினாள். வெயிலில் வைத்தால் விதை வெந்துபோகும். பூவை உதிர்க்கவும் இல்லை. வாடாமல்லி விதை ஒரு பொட்டுப் பஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கும்; விதைக்கிற அன்றைக்கு உள்ளங்கையில் தேய்த்து எடுத்தால் போதும். காளிதாசின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, அதில் பூக்களை முடிந்தாள்.

முடிந்ததை எங்கே வைப்பது? மலாயா மழைக்கு எதை எங்கே வைத்தாலும் பூசணம் பூக்கும். அதற்கு லயத்துப் பெண்களிடம் ஒரு வழி இருந்தது. எது கெடக் கூடாதோ அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார்கள். கற்பூரம், மூக்குத்தி, விதை எல்லாம் அரிசிக்குள்தான் கிடக்கும். ராமாத்தாளும் அடிவரைக்கும் கையை விட்டு முடிச்சை டின்னுக்குள் புதைத்தாள். புதைத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள் பாருங்கள், அதுதான் வினையாய்ப் போனது.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. காட்டோரமாக, அவள் குடியிருந்த கீழ்லயத்தைக் காலி செய்ய வேண்டும். ஆபீசுக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் கம்பிவேலி போட்டு, அதற்குள் புது லயம் கட்டியாயிற்று. காட்டுக்காரர்களுக்கு அரிசி போகிறது என்ற சந்தேகத்தில், இனிமேல் எந்த வீட்டிலும் வேகாத அரிசி ஒரு மணி இருக்கக் கூடாது. பொதுக் குசினியில் சோறாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டதும் ராமாத்தாள் மகளைக் கூப்பிட்டாள். ஏற்கெனவே அரிசியால்தான் புருஷன் போனான்.

"சுசீலா, யூனிபாரம் போட்டவங்க யாரு வந்து என்ன கேட்டாலும் மறுவார்த்தை பேசாமக் குடுத்துடு. தெரிஞ்சுதா?" என்று மகளுக்குச் சொல்லிவிட்டுப் பால்மரம் வெட்டப் போனாள்.

பிள்ளை சொன்னபடியே செய்தது. அரிசி டின்னை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது.

பகலில் வந்து டின் இருந்த இடத்தைப் பார்த்தவள், பால் சுமக்கிற காண்டா வாளியைப் போட்டது போட்டபடி குசினிக்கு ஓடினாள். அங்கே எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பீப்பாயில் கொட்டியிருந்தது. குசினியில் வேலைக்குச் சேர்ந்திருந்த முத்தாயி, அரிசிக்குள் கிடந்த மூக்குத்தியையும் கற்பூரக்கட்டியையும் ஒரு தட்டில் எடுத்து வைத்து, வந்தவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"முத்தாயி, ஒரு வேட்டித் துணி முடிச்சு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. உள்ள ஒரே காஞ்ச குப்பை. பூச்சி இருக்கும்னு அடுப்புல தூக்கிப் போட்டுட்டேன். ஏங்க்கா, முக்கியமானதா?"

முத்தாயியை என்னவென்று திட்டுவது? மகளை என்னவென்று திட்டுவது? கொடுக்கச் சொன்னதும் இவள்தான், அரிசிக்குள் புதைத்ததும் இவள்தான். ராமாத்தாள் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து எரிகிற விறகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். கீழ்லயத்து வாசலில் ஒரு செடியாவது நிற்கும் என்று ஒரு நப்பாசை இருந்தது. ஆள் ஒளிய இடம் இருக்கக் கூடாது என்று லயத்தை இடித்து, செடி கொடியெல்லாம் வெட்டி எரித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் யாரையும் விடவும் இல்லை.

இப்படி விதை போனது. தை மாதத்தில் காளிதாஸ் வந்தான்.

ஏன் பிடித்தார்கள் என்று சொல்லாதது போலவே, ஏன் விட்டார்கள் என்றும் அவர்கள் சொல்லவில்லை. கேட் வாசலில் போலீஸ் வண்டியிலிருந்து இறங்கி, மெலிந்த உடம்பில் தொளதொளவென்று ஒரு சட்டையோடு நின்றான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தோட்டத்தையே வாயால் ஆட்டிவைக்கிற ராமாத்தாளுக்கு அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"சாப்டீங்களா?"

"இல்ல புள்ள," என்றான் அவன். சுசீலா அவன் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

அன்று சாயந்திரம் மூன்று பேரும் கோயிலுக்குப் போனார்கள். காளிதாஸ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். ராமாத்தாளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. நன்றி, நன்றி என்று உள்ளுக்குள் ஒரு பக்கம் பொங்கிக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம் அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் கொடுத்துவிட்டாள். இவள் எதைக் கொடுப்பது?

அந்தப் பயம் நாளுக்கு நாள் வளர்ந்தது. காளிதாசை முழுசாக விட்டுவிடவில்லை. மாதம் ஒருமுறை மலாக்காவுக்குப் போய்ப் போலீசில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு முறை அவன் பஸ் ஏறும்போதும், இந்தத் தடவை திருப்பி அனுப்புவார்களோ மாட்டார்களோ என்று இவள் கேட் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றாதவளிடம் அம்மன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டால்? வாடாமல்லிக்கு வாசமில்லை என்று கடையில் எவனும் விற்பதும் இல்லை. விற்றாலும், "இதே செடியோட வித்து" என்று சொன்னது அவள் வாய்தானே.

ஒருநாள் ராத்திரிச் சோற்றின்போது எல்லாவற்றையும் புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவன் கேட்டுக்கொண்டான். அடுத்த முறை மலாக்காவுக்குப் போனவன், கையெழுத்துப் போட்டுவிட்டு மஜீது பாய் கடைக்குப் போனான். தோட்டத்துக்குச் சாமான் ஏற்றுகிற கடை அது. பாய்க்கு அவனை லாரிக் காலத்திலிருந்தே தெரியும். "பூ விதைதானே வேணும், இந்தாப்பா, காசெல்லாம் வேணாம். நீ வந்ததே போதும்," என்று படம் போட்ட விதைப் பொட்டலம் ஒன்றை அவன் கையில் திணித்தார்.

மற்றவர்களுக்கு வெளியே போகும்போதுதான் கேட்டில் சோதனை. காளிதாசுக்கு உள்ளே வரும்போதும் சோதனை. பால் நிறுக்க வந்த ராமாத்தாள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் புருஷன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். மேசைமேல் பொட்டலத்தைக் கொட்டிப் பரப்பி, ஒரு காவல்காரன் ஒவ்வொரு விதையாகப் புரட்டிப் பார்க்கிறான். காய்கறி விதையோ, காட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிர் போடவோ என்று அவனுக்குச் சந்தேகம். சார்ஜன் வரும் வரைக்கும் காளிதாஸ் கையை இறக்கவில்லை. சார்ஜன் வந்து, பொட்டலத்தின் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போ என்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்குள் வந்ததும் ராமாத்தாள் வெடித்துவிட்டாள்.

"உங்களை யாரு வாங்கிட்டு வரச் சொன்னா? ஒரு பூவுக்காக மறுபடியும் கம்பிக்குள்ள போய் உக்காரணுமா? அறிவிருக்கா உங்களுக்கு?"

"நீ தூங்க மாட்டேங்கிறே புள்ள," என்றான் காளிதாஸ். "எனக்காகத்தானே நேந்துகிட்டே. அதான்."

அவ்வளவுதான், அவள் கோபம் உட்கார்ந்துவிட்டது. பொட்டலத்தில் இருந்தது ஏதோ சீமைப்பூ. அதை வீணாக்காமல் வாசலில் விதைத்தாள். பாய் மனசாரக் கொடுத்ததாயிற்றே. ஆனால் அது நேர்ந்த பூ இல்லை. "இனிமே எனக்கு ஒண்ணும் கொண்டு வராதீங்க. நீங்க வந்து சேந்தாப் போதும்," என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டு மூலையில் திரும்பி நின்று அழுதாள்.

சித்திரை பிறந்தது. ஆடிக்குப் பூ வேண்டுமென்றால் சித்திரையில் விதை மண்ணுக்குள் போக வேண்டும். போட விதை இல்லை. அந்த நேரத்தில்தான் வாசலில் தங்கையா பூசாரியின் குரல் கேட்டது.

"ராமாத்தா, உள்ள இருக்கியா? திட்ட மாட்டேன்னு சொன்னா வர்றேன்."

அவள் வெளியே வந்தாள்.

"ஆத்துக்குப் போற வழியில இருந்த பலகையைப் பிடுங்கிட்டாங்க. நாளைக்குக் காலையில அந்த மூட்டையைக் கொண்டுபோய் விடப்போறேன். நீயும் வா. உன் கண்ணால பாத்தாத்தான் உனக்கு மனசு ஆறும். எனக்கும் காது ஆறும்."

"எந்த மூட்டை?"

"என்னைச் சோம்பேறின்னியே, அந்த மூட்டைதான்."

அந்த மூட்டையை அவள் மறந்தே போயிருந்தாள். கோயிலுக்குப் போனாலும், பூசாரி மேலிருந்த கோபத்தில் உத்தரத்துப் பக்கம் அவள் நிமிர்ந்ததே இல்லை. இத்தனை மாதம் ஆனபிறகு அதில் என்ன இருக்கப் போகிறது, தூசிதான். இருந்தாலும் கேட்பதற்குப் போட்ட மாலை அது. ஒழுங்காக வழியனுப்பியாவது வைப்போம் என்று வருகிறேன் என்றாள்.

மறுநாள் அவளும் பூசாரியும் காளிதாசும் புறப்பட்டார்கள். கேட்டில் மலாய்க்காரக் காவல்காரர் மூட்டையை ஒரு கம்பியால் குத்திப் பார்த்தார். "பூதான், இஞ்சே, ஐயா, சாமி பூ," என்று பூசாரி பாதி மலாயிலும் பாதி தமிழிலும் விளக்கினார். காவல்காரர் தும்மிவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டினார்.

மழைக்குப் பிறகு ஆறு நல்ல வேகத்தில் ஓடியது. பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கினார். கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து, மூட்டையைக் கவிழ்த்தார். முதலில் தூசி பறந்தது. பிறகு மல்லிகைச் சருகும் செம்பருத்திச் சருகும் பொலபொலவென்று கொட்டித் தண்ணீரோடு போயின. அதற்குப் பின்னால், கோணியின் அடியிலிருந்து மெதுவாக ஊதா நிறம் வழிந்து வந்தது.

ராமாத்தாள் அதைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில், கட்டியிருந்த சேலையோடு ஆற்றுக்குள் பாய்ந்தாள்.

"கொட்டாதீங்க! ஐயோ அண்ணே, கொட்டாதீங்க!"

யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்துப் பூசாரி கோணியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் குந்திவிட்டார். அப்படி அவர் தூக்கியதுதான் நல்லதாயிற்று. மாலையில் ஒரு முழம் அறுந்து ஆற்றோடு போய்விட்டது, மிச்சமெல்லாம் கோணிக்குள்ளேயே நின்றது. காளிதாஸ் ஓடிவந்து இரண்டு பேரையும் கைகொடுத்துக் கரையேற்றினான்.

ராமாத்தாள் ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். ஊதாச் செதில்கள் உதிர்ந்தன. பஞ்சு வந்தது. பஞ்சுக்குள் பழுப்பாக, பளபளவென்று, ஒரு விதை. இன்னொரு பூ, இன்னொரு விதை. பூசணம் இல்லை, பூச்சி இல்லை. இத்தனை மாதமும் தூங்காவிளக்குச் சூட்டிலும் கற்பூரப் புகையிலும் தொங்கிக் கிடந்ததில் ஈரம் அண்டவே இல்லை. எந்த அரிசி டின்னாலும் அப்படிக் காப்பாற்றியிருக்க முடியாது.

"இதே செடியோட வித்துங்க," என்றாள் புருஷனிடம். "இதே செடியோட வித்து."

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது அம்மனுக்குப் போட்டுக் கழற்றியது. போட்டதைத் திரும்ப எடுத்தால் பாவமில்லையா? பூவைக் கையில் வைத்துக்கொண்டு பூசாரியைப் பார்த்தாள். கேட்கவும் பயமாக இருந்தது. நடந்ததையெல்லாம் காளிதாஸ்தான் அவரிடம் எடுத்துச் சொன்னான்.

தங்கையா ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே காது கொடுத்துக் கேட்டார்.

"ஆத்துல விட்டாத்தான் அது கழிஞ்ச பூ," என்றார். "இது இன்னும் போகலையே. அதுவரைக்கும் இது அம்மா பூ. அம்மா பூவைக் கேட்டவங்களுக்கு எடுத்துக் குடுக்குறதுதானே என் வேலை? முந்தானையைப் பிடி, தாயி."

ராமாத்தாள் இரண்டு கையாலும் முந்தானையை ஏந்தினாள். பூசாரி கோணிக்குள் கைவிட்டு, கோயிலில் பிரசாதம் கொடுப்பது போலவே, அள்ளி அள்ளிப் போட்டார். போட்டு முடித்து, இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பையை எடுத்தார். நனையாத ஒரு சிட்டிகையைத் தேடிப்பிடித்து, அவள் நெற்றிக்கு நேரே கையைக் கொண்டுபோய், நிறுத்தினார்.

"பூசலாமா? சோம்பேறி கைதான்."

"அண்ணே, அன்னைக்கு மட்டும் நான் சொன்னதைக் கேட்டு நீங்க ஆத்துல விட்டிருந்தீங்கன்னா..." குனிந்து நெற்றியைக் காட்டினாள்.

"தன் பேச்சைக் கேக்காததுக்கு ஒருத்தி எனக்கு நன்றி சொல்றது இதுதான் முதல் தடவை," என்று பூசாரி திருநீற்றைப் பூசிவிட்டார்.

அன்று மாலையே விதைத்தாள். பாதிக்குமேல் பதராய்ப் போயிற்று. ஆனால் மீதி முளைத்தது. முதல் பச்சை தலைகாட்டிய காலையில் அவள் சத்தம் போட்டுச் சுசீலாவைக் கூப்பிட்ட கூப்பாட்டில், அக்கம்பக்கத்தார் பாம்பு வந்துவிட்டது என்று கம்பெடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஆளுக்கொரு வேலை பார்த்தார்கள். முத்தாயி குசினியில் அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் கொண்டுவந்து ஊற்றினாள். "எரிச்ச கைதானேக்கா, கொஞ்சம் ஊத்தட்டும்," என்பாள். சுசீலா கோழிகளை விரட்டினாள். காளிதாஸ் சாயந்திரம் வந்தால் செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிடுவான். ஒரு தடவை அவன், "எனக்காக இத்தனை பேரு மண்ணைக் கிளறுறாங்களே," என்றான். ராமாத்தாள் எழுந்து போய் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். முடி வளர்ந்திருந்தது.

ஆடித் திருவிழாவுக்கு அவள் கட்டிய மாலையை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு முனையைக் காளிதாஸ் பிடித்தான், ஒரு முனையைச் சுசீலா பிடித்தாள். பூசாரி அதை வாங்கி அம்மனுக்குச் சாத்தினார். கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் இறங்கி, பீடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மஜீது பாய் கொடுத்த சீமைப்பூவும் அங்கங்கே மஞ்சளாகத் தெரிந்தது. அதையும் சேர்த்துத்தான் கட்டியிருந்தாள். கோயிலில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ராமாத்தாள் அம்மனை நேருக்கு நேராக நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் கழித்து அப்போதுதான் பார்த்தாள்.

"குடுத்ததுக்கு, ஆத்தா," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். பூசாரி வாங்கிக்கொண்டு, எல்லாரிடமும் கேட்பதைப் போல, தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"காளிதாஸ் பேருக்குத்தானே? நட்சத்திரம் சொல்லு."

"இல்லண்ணே. தங்கையாங்கிற பேருக்கு."

"எந்தத் தங்கையா?"

"கோணி மூட்டையைத் தொங்கவிட்ட தங்கையா."

பூசாரி தேங்காயிலிருந்து கையை எடுத்தார். பின்னால் நின்றவர்கள் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கா?" என்றார். "இத்தனை வருஷத்துல என் பேருக்கு யாரும் அர்ச்சனை பண்ணச் சொன்னதில்லையே, தாயி."

"இப்ப நான் சொல்றேன். நட்சத்திரத்தைச் சொல்லிட்டு ஆரம்பிங்க, கூட்டம் நிக்குது."

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரின் நட்சத்திரமும் தங்கையாவுக்கு மனப்பாடம். தன்னுடையது தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர் மலாயாவுக்குக் கப்பலேறும் முன்பே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை.

"தெரியலையே, ராமாத்தா," என்றார் மெதுவாக.

"அதனால என்ன? உங்களை அம்மாவுக்குத் தெரியாதா? பேரை மட்டும் சொல்லுங்கண்ணே."

அவர் திரும்பி அம்மனைப் பார்த்து நின்றார். தன் பேரைத் தானே சொன்னார். இரண்டாவது தடவைதான் வெளியே கேட்டது. ராமாத்தாள் கைகூப்பி, அந்தப் பேருக்காகக் கும்பிட்டாள். தீபாராதனை முடிந்து அவர் தட்டோடு வந்தபோது, முதல் ஆளாக நெற்றியைக் காட்டினாள்.